சித்தியைத் தாண்டிப் போன லூப்

அக்கா கல்யாணத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்பதைவிட, யாரைக் கூப்பிடக்கூடாது என்பதில்தான் அப்பாவுக்கு அக்கறை. கம்ப்யூட்டரில் உறவினர் பட்டியலைத் திறந்து, ஆகாதவர்களின் வரியில் ‘வேண்டாம்’ என்று தட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“நீதான் ஏதோ புரோகிராம் கத்துக்கறியே, இதுங்களை எல்லாம் தூக்கிடு. மிச்சம் இருக்கறவங்க போனுக்கு மட்டும் அழைப்பு போகட்டும்.”

ஆளுக்கு ஒரு வரி. சித்தப்பா, அதற்கடுத்து சித்தி, இருவருக்கும் ‘வேண்டாம்’. அப்பா ஆசையாக வாங்கின பழைய காரை, நாலு பேர் முன்னால் சித்தப்பா தள்ளுவண்டி என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து சகலைகள் இருவரும் கீரியும் பாம்பும். நடுவில் மாட்டிக்கொண்டது அம்மா. அவளுக்குத் தங்கை என்றால் உயிர். அவள் இல்லாமல் மகள் கல்யாணமா என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே வளைய வந்தாள்.

புரோகிராமை எழுதி ஓட்டினேன். வேண்டாதவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள், சித்தப்பா உட்பட. சித்தி மட்டும் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தாள்.

கத்துக்குட்டித் தப்புதான். பட்டியலில் போய்க்கொண்டே ஒரு வரியை நீக்கினால், கீழே இருப்பது ஏறி அந்த இடத்துக்கு வந்துவிடும். வரிவரியாகச் சுற்றிவரும் என் லூப் அதைப் பார்க்காமலே அடுத்ததற்குத் தாவிவிடும். சித்தப்பா போன இடத்துக்கு ஏறிய சித்தி அப்படித்தான் தப்பினாள். திருத்தப் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தாள்.

“கைய எடுடி.”

“இது தப்பும்மா.”

“யாரு சொன்னா? கம்ப்யூட்டர் தப்பே பண்ணாதுன்னு உங்கப்பாதானே சொல்லுவாரு.”

அதுவரை மவுஸைத் தொட்டறியாதவள், அனுப்பும் பொத்தானைத் தானே அழுத்தினாள்.

கல்யாணத்தன்று சித்தி தனியாக உள்ளே வந்தாள். அம்மா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அப்பா முகத்தில் கடுகு வெடித்தது.

“யாரு கூப்பிட்டது?”

“கம்ப்யூட்டர்ப்பா,” என்றேன்.

சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அவரும் வந்திருக்காரு மாமா. வெளிய கார்ல இருக்காரு. அவருக்கு அழைப்பு வரலையாம், உள்ள வரமாட்டாராம்,” என்றாள்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அவள் தங்கையின் கையை விடுவதாக இல்லை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“உன் புரோகிராம்ல தப்பு இருக்கு,” என்றார் என்னிடம், எல்லார் காதிலும் விழும்படி. “ஒரு ஆளை விட்டுடுச்சு பாரு.”

“இப்பதானேப்பா கத்துக்கறேன்.”

“அதானே பாத்தேன்,” என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, காரை நோக்கி நடந்தார்.