தலைமாட்டில் நிற்க ஓர் ஆள்

அன்று மேல்மாடியில் இருந்தவர்கள்: ஜிம்மைத் திறந்து பூட்டும் முனுசாமி, ஆர்கைல் ரோட்டு முனையில் மீ கோரெங் நூடுல்ஸ் வண்டி போடும் அலாவுதீன், புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஃபெரி பிடித்து வரும் வாத்தியார் சந்திரசேகரன், இன்சூரன்ஸ் விற்கும் முத்துவீரப்பன், கடைசியாக, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்க்கும் நாதன் என்கிற கதிர்காமநாதன். ஐந்தே பேர். ஒரு காலத்தில் நாற்பது பேர் வியர்த்துக்கொண்டிருந்த இடம் அது.

கட்டடக்காரன் இடத்தைத் திரும்பக் கேட்டுவிட்டான். இரும்பெல்லாம் உறுப்பினர்களுக்குச் சொந்தம் என்பதால் ஆளுக்கு ஒன்று என்று முடிவாயிற்று. மைலோ டின்னில் ஐந்து சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினார் முனுசாமி. ஒன்றாம் எண் வந்தவன் முதலில் எடுக்கலாம், இரண்டாம் எண் அடுத்து. டம்பெல் ஒரு பங்கு. நீளக் கம்பியான பாரும் அதில் மாட்டும் எடைத் தட்டுகளும் ஒரு பங்கு. மல்லாந்து படுத்து பாரைத் தூக்கும் பெஞ்சு ஒரு பங்கு. பிறகு ஆளுயரக் கண்ணாடி, எடை பார்க்கும் மெஷின். பெஞ்சும் பாரும் சேர்ந்தால்தான் ஒரு பொருள், பிரித்தால் இரண்டும் வெறும் இரும்பு என்பது அங்கிருந்த ஒருவருக்கும் உறைக்கவில்லை. நியாயமாகப் பிரிப்பதிலேயே குறியாக இருந்தார்கள்.

ஒன்றாம் எண் நாதனுக்கு வந்தது.

“டம்பெல்லை எடு தம்பி,” என்றார் சந்திரசேகரன். “தனியா இருக்கிற ஆளு நீ. கட்டிலுக்கு அடியில தள்ளிடலாம். தோளு, கையி, நெஞ்சு எல்லாத்துக்கும் ஆகும்.” அது அவருக்கே வேண்டியது என்று குரலில் தெரிந்தது. ஆனாலும் யோசனை சரியானதுதான்.

“பெஞ்சு,” என்றான் நாதன்.

அலாவுதீன் சிரித்துவிட்டான். “பெஞ்சா? பாரு இல்லாம அதுல படுத்துக்கிட்டு என்னத்தத் தூக்கப் போறே, ஃபேனையா?”

“பகல்ல தூங்குறவன்லா அவன். படுக்கத்தான் கேக்குறான்,” என்றார் முனுசாமி.

முத்துவீரப்பன் தன் சீட்டைப் பிரித்தபோது நாதன் எட்டிப் பார்த்திருந்தான். இரண்டு. அவர் பாரைத்தான் எடுப்பார். பார் உள்ளவனிடம் பெஞ்சு இருக்காது. அவர் பெஞ்சைத் தேடி வந்தாக வேண்டும். அவன் கணக்கு அவ்வளவுதான்.

அப்படியே நடந்தது. அவர் பாரையும் தட்டுகளையும் எடுத்தார். வாத்தியார் டம்பெல்லைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அலாவுதீன் கண்ணாடியை எடுத்ததும், “அதுலயாவது ஒல்லியாத் தெரியுறியான்னு பாரு,” என்று எடை மெஷின் மேல் உட்கார்ந்தபடி சொன்னார் முனுசாமி.

“சனிக்கிழமை வாங்கண்ணே,” என்றான் நாதன் படியிறங்கும்போது. “பாரை எங்க வீட்டுலயே வச்சிக்கலாம். ரைஃபிள் ரேஞ்ச் ஃப்ளாட்டு, பதினோராவது மாடி.”

“வர்றேன், வர்றேன்.”

பெஞ்சில் படுத்துத் தூக்குகிறவனின் தலைமாட்டில் எப்போதும் ஒருவன் நிற்க வேண்டும். கை ஓய்ந்தால் பார் கழுத்தில் இறங்கும். ஆறு வருடமாக முத்துவீரப்பன் படுத்தால் நாதன் நிற்பான், நாதன் படுத்தால் முத்துவீரப்பன் நிற்பார். அதைத் தாண்டி அவர்களுக்குள் பெரிய பேச்சு ஒன்றும் கிடையாது. அவர் முகத்தை நாதன் தலைகீழாகத்தான் அதிகம் பார்த்திருக்கிறான். மூக்குத் துவாரம், மோவாய்க்கு அடியில் சவரக் கத்தி தப்பவிட்ட நாலு முடி. எட்டாவது தூக்கலில் கை நடுங்கும்போது மேலேயிருந்து குரல் வரும்: “இன்னொண்ணு நாதா, இன்னொண்ணு.”

வாரத்தில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அந்த ஒரு குரல்தான். தொழிற்சாலையில் எல்லாருக்கும் தொப்பி, முகமூடி. அங்கே அவன் மூன்றாம் லைன். காலை ஏழரைக்கு வீடு வந்தால் இரண்டு மணி வரை தூக்கம். படிப்பைப் பாதியில் விட்ட மகனோடு அவனுடைய யாழ்ப்பாணத்துக் குடும்பம் பேச்சை நிறுத்திப் பல வருடம் ஆயிற்று. அப்பா செத்தபோது மட்டும் அக்கா அருந்ததி தகவல் அனுப்பினாள்.

பெஞ்சு வந்த அன்றே கட்டிலைக் கழற்றி மேல்வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டான். ஒற்றை அறையில் இரண்டுக்கும் இடமில்லை. மெத்தை தரைக்கு வந்தது. தலைமாட்டில் ஓர் ஆள் நிற்க வசதியாகச் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி பெஞ்சைப் போட்டான். இன்னொரு துண்டு வாங்கினான். ஐஸ்பெட்டியில் இரண்டு ஆரஞ்சு பாட்டில்.

முதல் சனிக்கிழமை முத்துவீரப்பன் வரவில்லை. இரண்டாவதும் இல்லை. மூன்றாவது வாரம் அவர் ஆபீசுக்கு போன் செய்தான். “ஐயோ, கெரெத்தா வொர்க்ஷாப்புல கிடக்குலா நாதா,” என்றார். கார் இல்லாமல் பாரைக் கொண்டுவர முடியாது. அந்த மூன்று வாரமும் நாதன் பெஞ்சில் உட்கார்ந்து சப்பாத்துக் கயிறு கட்டினான். கால்களை அதன் மேல் வைத்துத் தண்டால் எடுத்தான். வேறு எதற்கும் அது ஆகவில்லை.

நாலாவது சனிக்கிழமை மாலை நாலு மணிக்குக் கம்பிக்கதவு தட்டப்பட்டது. முத்துவீரப்பன் தோளில் பாரோடு நின்றார், சட்டை முழுக்க வியர்வையில் நனைந்து.

“லிஃப்ட்டு ரோசாக் ஆகி நின்னிருந்தா இன்னிக்கு நான் பொணம்டா,” என்றார்.

தட்டுகளை மேலே கொண்டுவர இருவரும் மூன்று நடை போய் வந்தார்கள். நாதன் பாட்டிலைத் திறந்து கொடுத்தான். துண்டைக் கொடுத்தான். பாரைப் பெஞ்சின் தாங்கிகளின் மேல் வைத்ததும் பெஞ்சு பெஞ்சாயிற்று. அவனுக்குச் சிரிப்பு வந்தது. அவன் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

“இனிமே இது ஒனக்குத்தான்,” என்றார் முத்துவீரப்பன். “நான் மெஷின் வாங்கிட்டேன், கொம்தார் கடையில. மகன் தவழ ஆரம்பிச்சிட்டான். தரையில தட்டு கிடந்தா அவன் கையில கால்ல விழும்னு வீட்டுக்காரி தெய்வானை ஒரே சத்தம். மெஷின்ல அந்தத் தொல்லை இல்ல. கம்பிக் கயிறு, கப்பி. ஊசியச் செருகுனா வேணுங்கிற எடை. கழுத்துல விழவே விழாது. ஆளே வேணாம்லா.”

“நல்ல மெஷினா?”

“சத்தமே வராது.”

நாதன் தட்டுகளை மாட்டினான். தட்டு நழுவாமலிருக்க இரு முனையிலும் இரும்புக் காலர்களை முடுக்கினான். நூற்றைம்பத்தைந்து பவுண்டு.

“ஒரு செட்டு நில்லுங்கண்ணே. பிறகு போகலாம்.”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். தலைமாட்டுக்கு வந்தார். மூன்றடி சரியாக இருந்தது. நாதன் படுத்தான். மூக்குத் துவாரம், மோவாய். ஒன்று, இரண்டு, மூன்று என்று போயிற்று. எட்டு வரும் அவனுக்கு. ஆறாவதில் பாதி வழியில் கையை நிறுத்தினான்.

“இன்னொண்ணு நாதா.”

பாரை அசையவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

“இன்னொண்ணு.”

பாருக்கு அடியில் இரண்டு விரல் வந்தது. பார் தாங்கிக்கு ஏறியது.

“நடிக்காதடா,” என்றார் அவர், கோபமில்லாமல். “கை நடுங்கவே இல்ல.”

நாதன் எழுந்து உட்கார்ந்தான். இனி மறைக்க ஒன்றுமில்லை. “மாசத்துக்கு ஒரு தடவையாவது வாங்கண்ணே. தூக்க வேணாம். சும்மா வந்து நில்லுங்க.”

“பாப்போம் நாதா.”

இன்சூரன்ஸ் விற்கப் போகிற வீடுகளில் அவர் தினமும் கேட்டுவிட்டு வருகிற சொல் அது. சொன்ன பிறகு அவருக்கே அது தெரிந்திருக்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டு பாரின் முனைக்குப் போய்க் காலரைக் கழற்றினார். மறுமுனைக்கும் போனார்.

“தனியா செய்யும்போது இத மாட்டாதே. கை விட்டுச்சுன்னா பாரை ஒரு பக்கமாச் சாய்ச்சிடு. தட்டு கொட்டிடும். கழுத்து தப்பிச்சிடும்.”

“கீழ்வீட்டுச் சீனன் கத்துவான்.”

“கத்தட்டும்லா.”

நாதன் காலர்களை வாங்கக் கையை நீட்டினான். அவர் கொடுக்கவில்லை. இரண்டையும் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பை கனத்துத் தொங்கியது.

“இங்க இருந்தா நீ மாட்டுவே,” என்றார்.

சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நடைவழியில் போனார். ஒவ்வோர் அடிக்கும் பைக்குள் இரும்பு இடித்தது. லிஃப்ட் வந்து, அந்தச் சத்தம் நின்றது. நாதன் கம்பிக்கதவை இழுத்துச் சாத்தினான். பூட்டை மாட்டிச் சாவியைத் திருப்பினான். ஒரு தரம் இழுத்துப் பார்த்தான். பூட்டியிருந்தது.