படத்தின் ஓரத்தில் நின்றவர்

ஊரில் அவருக்குப் பெயர் 'டச்சிங்'. போட்டோவில் பருவை எடுப்பார், கறையை எடுப்பார், கல்யாணப் படத்தில் பின்னால் நின்று கொட்டாவி விட்ட மனுஷனையே எடுத்துவிடுவார். கை அவ்வளவு சுத்தம். கை சுத்தமாக இருந்து என்ன, வாய் சும்மா இருக்க வேண்டுமே! துறைமுகத்தின் பழைய படங்களைப் பெரிதாக்கிக் கண்காட்சி வைக்கிறார்கள், எல்லாம் என் கைவேலை என்று சொந்தபந்தம் பூராவும் தம்பட்டம் அடித்துவிட்டார்.

அதனால் திறப்பு விழாவுக்குச் சம்பந்தியம்மா குடும்பத்தோடு வந்து இறங்கிவிட்டாள். சம்பந்தியம்மா என்றால் அவர் மகளின் மாமியார். கூடவே அவள் நாத்தனார், பிள்ளை, மருமகள், அதாவது டச்சிங்கின் மாப்பிள்ளையும் மகளும். தன் பெருமையைப் பார்க்கத்தான் இந்தக் கூட்டம் என்று டச்சிங்குக்குத் தலைகால் புரியவில்லை. போதாக்குறைக்கு விழாவுக்கு வந்த பெரிய மனிதர், "ஒரு தூசு தும்பு இல்லையே, நேத்து எடுத்த மாதிரி இருக்கே!" என்று எல்லார் முன்னாலும் முதுகில் தட்டிவிட்டார்.

சம்பந்தியம்மா யாரையும் பார்க்கவில்லை. நேரே பாய்மரக் கப்பல் படத்துக்கு முன்னால் போய் நின்று, கண்ணாடியை மாட்டி, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் தேடினாள். மறுபடியும் தேடினாள்.

"எங்கே உங்கப்பா?" என்றாள் நாத்தனார். "கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து இதைச் சொல்லித்தானே எங்க காதைப் புளிக்க வச்சே!"

"இங்கதான் அண்ணி. கப்பல் கயிறு கட்டுற தூணுக்குப் பக்கத்துல. துறைமுக ஆபீஸ்ல மாட்டியிருந்தப்ப எங்கம்மா என்னைத் தூக்கிக் காட்டுனாங்க."

மூட்டை தூக்குகிறவராம் அப்பா. இவள் கைக்குழந்தையாக இருக்கும்போதே கப்பலிலிருந்து விழுந்து போய்ச் சேர்ந்துவிட்டார். அவருக்கு வேறு படமே கிடையாது.

டச்சிங் மெல்ல ஒரு அடி பின்னால் நகர்ந்தார். தூணுக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றார்தான். பொழுது சாயும் வெளிச்சத்தில் கேமராக் கண்ணை நெடுநேரம் திறந்துவைத்து எடுத்த படம் அது; அசைந்தவர்கள் கலைந்துதான் விழுவார்கள். அந்த ஆள் இடுப்புக்குக் கீழே புகையாகிப் போயிருந்தார். கறை என்று நினைத்து அழித்தார் என்றால்கூட மன்னிக்கலாம். இல்லை, ஆள் என்று தெரிந்தேதான் அழித்தார். காலில்லாத ஒரு ஆள் ஓரத்தில் நின்று அழகைக் கெடுக்கிறானே என்று அழித்தார். அழித்ததைப் பழைய ஃபைல் மேலேயே சேவ் பண்ணியும் வைத்தார். மூலப்படம் சட்டக் கண்ணாடியோடு ஒட்டிக்கிடந்தது. காப்பி எடுத்த பிறகு அதைப் பிரிக்கப்போனபோது துணுக்குத் துணுக்காகப் பிய்ந்துவிட்டது. 'நல்லவேளை, காப்பி இருக்கு' என்று அப்போது நிம்மதியாக மூச்சுவிட்டவரும் இவர்தான்.

வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் தப்பித்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

சம்பந்தியம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். "அப்பா எங்கேன்னு நான் அழுதிருப்பேன். எங்கம்மா எதையோ காட்டி ஏமாத்தியிருக்காங்க போல. விடுங்க அண்ணி, போகலாம்" என்றாள்.

செத்துப்போன அந்த அம்மாவைப் பொய்க்காரியாக்கிவிட்டோமே! அதற்கு மேல் டச்சிங்கால் தாங்க முடியவில்லை.

"உங்கம்மா பொய் சொல்லலை சம்பந்தியம்மா. அவர் அங்கதான் நின்னாரு. நான்தான்... நான்தான் எடுத்துட்டேன்."

பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் திரும்பினார்கள். மகள், "அப்பா!" என்றாள். மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூலப்படம் போன கதையையும் மென்று முழுங்கிச் சொல்லி முடிப்பதற்குள் டச்சிங் கூனிக்குறுகிப் போனார். சம்பந்தியம்மா நாலு வார்த்தை திட்டுவாள், காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று காத்திருந்தார்.

அவள் திட்டவில்லை. முகம் மலர்ந்து, கிட்டே வந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப நீங்க பார்த்திருக்கீங்க! பெருசு பண்ணித்தானே வேலை செய்வீங்க? எனக்கு எங்கப்பா முகம் ஞாபகமே இல்லண்ணே. எப்படி இருந்தாரு? மீசை இருந்துச்சா? என் சாயல் இருந்துச்சா?"

டச்சிங் கண்ணை மூடினார். அந்த ஆளை எடுத்த இடத்தில் நிரப்ப அரைநாள் உட்கார்ந்து வரைந்த துறைமேடையின் மரப்பலகைகள் ஒவ்வொன்றும் கண்முன்னே வந்தன. எந்தப் பலகையில் ஆணி, எதில் வெடிப்பு, எல்லாம் அச்சு அசலாக வந்தது. முகம் வரவில்லை.

ஏதாவது ஒரு மீசையைச் சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தார். அவள் இன்னும் கையை விடவில்லை.

"நான் பார்க்கலைம்மா" என்றார்.