கலாவதி கெடுத்த காட்சி

என் நாவலின் கடைசிக் காட்சியை எங்கள் வீட்டுத் தறியிலேயே படம் எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்த நாள்முதல் எங்கள் தெருவுக்குக் கால் தரையில் பாவவில்லை. எனக்கு மட்டும் பாவியதா என்று கேட்காதீர்கள். படப்பிடிப்பு அன்று காலை பாலை அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்கும் அடுக்களைக்கும் ஓடிக்கொண்டிருந்ததில், பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துபோனது. “நல்ல சகுனம்” என்றார் என் கணவர் சிவராஜ். அவர் இன்னும் பல் தேய்க்கவில்லை. ஆனால் புதுச் சட்டை போட்டாயிற்று.

எங்கள் தெருக்காரர்கள் அதைவிடப் பெரிய காரியம் ஒன்று செய்து வைத்திருந்தார்கள். சாமி ஊர்வலம் வரப்போகிற மாதிரி நினைத்துக்கொண்டு, வீட்டுக்கு வீடு புதுப் பெயின்ட் அடித்துவிட்டார்கள். ரோஜா, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள். வேனிலிருந்து இறங்கிய டைரக்டர் கிரேஸ் அப்படியே தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“அக்கா, போன மாசம் நான் பாத்த தெரு எங்கக்கா? அந்த அழுக்குச் சுவருக்காகத்தானே பிள்ளையார்பாளையமே வந்தேன்!”

“உன் மேல வச்சிருக்குற மரியாதைம்மா அது. நான் வாணான்னு சொன்னேன், யார் கேட்டாங்க?” என்றேன். நான் வேண்டாமென்று சொல்லவில்லை. எங்கள் வீட்டு நீலம் நான் தேர்ந்தெடுத்ததுதான்.

உடனே அவளுடைய ஆட்கள் வாளி வாளியாக டீத்தூள் தண்ணீரைக் கரைத்துக் கொண்டுவந்து சுவரில் தெளித்து அழுக்காக்க ஆரம்பித்தார்கள். தெருவே கொதித்துப்போனது. கிளிப்பச்சை வீட்டுக்காரர் தம் சுவருக்கு முன்னால் கைகளை விரித்துக்கொண்டு நின்றார். அவரைச் சமாதானப்படுத்த, அவர் சைக்கிளில் போவது போல ஒரு காட்சி எடுப்பதாகக் கிரேஸ் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது.

கிரேஸ் பக்கத்து முசரவாக்கத்துப் பெண். அவள் அப்பா இதே ஊரில் ஆட்டோ ஓட்டுகிறார். இதுதான் அவளுக்கு முதல் படம். என் ‘எதிர்ப்பக்கம்’ நாவலைப் படித்துவிட்டு ஒருநாள் நேராக வீட்டுக்கு வந்து, “அக்கா, இத்த நான்தான் எடுப்பேன். வேற யாருக்காவது குடுத்தீங்கன்னா உங்க வூட்டு வாசல்லயே உக்காந்துக்குவேன்” என்றாள். வேறு யாரும் கேட்கவில்லை என்பதை நான் ஏன் சொல்ல வேண்டும்? யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லி, அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். அவள் தெருமுனை தாண்டியதும் கதவைச் சாத்திக்கொண்டு குதித்தேன்.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். அதை ஒற்றை ஆளாக நெய்ய முடியாது. தறிக்குழியில் ஒருவர் கால் விட்டு உட்கார்ந்து நெய்வார். எதிர்ப்பக்கம் இன்னொருவர் உட்கார்ந்து, அந்தப் பக்கத்துக் கரைக்கு நூல் சுற்றிய நாடாவை எறிய வேண்டும். என் நாவலில் புருஷனும் பெண்டாட்டியும் பேச்சை விட்டுப் பல வருஷம் ஆகிறது. ஆனாலும் விடிந்தால் ஒரே தறியில்தான் உட்கார வேண்டும். கடைசியில் ஒருநாள், சேலை பாதியில் இருக்கும்போதே, பெண்டாட்டி தில்லையம்மாள் எழுந்து போய்விடுகிறாள். தறி நின்றுவிடுகிறது. அவ்வளவுதான். அவ்வளவுதானா என்று மட்டும் என்னிடம் யாரும் கேட்கக் கூடாது.

தயாரிப்பாளர் மணிவண்ணன் கேட்டார். நல்ல மனிதர்தான், வரும்போது ஸ்வீட் பாக்ஸ் இல்லாமல் வரமாட்டார். ஆனால் மூன்று மாதமாக அந்த முடிவைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். அன்று காலையும் இட்லித் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“மேடம், பொண்ணு திரும்பி வரணும். அந்த மனுஷன் நின்னுபோன தறியில தனியா உக்காந்துக்கினு இருப்பான். அத்தப் பாத்துட்டு வூட்டுக்குப் போற ஜனங்க யாரைத் திட்டுவாங்க? தில்லையத்தான் திட்டுவாங்க. பாதிச் சேலையில விட்டுட்டுப் போனாளே, இன்னா பொம்பளைன்னு கேப்பாங்க.”

“திட்டட்டும் சார். அவ போவணும்.”

“வாசப்படி வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தா இன்னா குறைஞ்சிடும்?”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அந்தப் பெண்ணை வாசற்படி தாண்ட வைக்க எனக்கு ஒரு முழு நாவல் தேவைப்பட்டிருக்கிறது. ஒவ்வோர் அத்தியாயத்திலும் ஓர் அங்குலம் ஓர் அங்குலமாக நகர்த்திக் கொண்டுவந்து விட்டிருக்கிறேன். இவர் இட்லி தின்றுகொண்டே அவளைத் திருப்பிக் கூப்பிடுகிறார். தில்லை திரும்பி வந்தால் அது என் கதையே இல்லை. என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று எழுந்துவிட்டேன்.

கிரேஸ்தான் நடுவில் புகுந்து ஓர் ஏற்பாடு செய்தாள். முதலில் புத்தகத்தில் இருப்பது போல எடுப்பது. மணிவண்ணன் மானிட்டரில் பார்ப்பார். அவருக்கு மனசு ஒப்பினால் அதுவே முடிவு. ஒப்பவில்லையென்றால், சாப்பாட்டுக்குப் பிறகு தில்லை திரும்பி வருவாள். “ஒரே டேக்ல அவரை விழ வெக்கணும்க்கா. காயத்ரி பண்ணிடும்” என்று என் காதில் சொன்னாள்.  

காயத்ரிதான் தில்லையாக நடிக்கும் பெண். புருஷனாக நடிப்பவர் இளவரசன். இருவரும் பத்து நாளாக எங்கள் தறியில் சிவராஜிடம் நெய்யப் பழகினார்கள். இளவரசன் ஓரளவு தேறிவிட்டார். காயத்ரி எறிந்த நாடா முதல் நாள் நேராகப் போய்ச் சிவராஜின் மூக்கில் பட்டது. இப்போது அவள் எறிவதைப் பார்த்தால் எங்கள் தெருப் பெண் என்றுதான் சொல்வீர்கள்.

ஒலியை அங்கேயே பதிவு செய்வதால் அன்று தெரு முழுக்கத் தறியை நிறுத்தி வைத்திருந்தார்கள். வேலையில்லாத தெரு வேறெங்கே போகும்? எல்லோரும் எங்கள் வாசலில். அவர்களில் பெண்கள் சிலரைக் கிரேஸ் காட்சியிலேயே சேர்த்துக்கொண்டாள். தில்லை எழுந்து போகும்போது கதவோரம் நின்று எட்டிப் பார்க்கும் அக்கம்பக்கத்துக்காரிகள். முதல் ஆளாகக் கையைத் தூக்கியவள் கலாவதி.

கலாவதி எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி. எனக்குச் சிநேகிதி, சண்டைக்காரி இரண்டும் அவள்தான். கல்யாணப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு, பூ வைத்து, பவுடர் பூசி வந்து நின்றாள். வீட்டில் கட்டுகிற பழைய சேலையில் வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனவள் மாற்றிக்கொண்டு வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“புவனா, என் மூஞ்சி தெரியுமா தெரியாதா? அத்த சொல்லு மொதல்ல.”

“பாதி தெரியும். சும்மா நின்னு பாத்தாப் போதும். பேசக் கூடாது, நவுறக் கூடாது.”

“நான் இன்னா கொழந்தையாடி? நிக்கத் தெரியாதா எனக்கு?”

மணிவண்ணன் மானிட்டருக்கு முன்னால் உட்கார்ந்தார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். “ஆக்‌ஷன்” என்று கிரேஸ் மெதுவாகச் சொன்னாள். நெஞ்சு அடித்துக்கொள்ளும் சத்தம் மைக்கில் பதிவாகிவிடுமோ என்று எனக்குப் பயமாகவே இருந்தது.

இளவரசன் மிதித்தார், எறிந்தார். காயத்ரி எறிந்தாள். இழையை நெருக்கிப் பலகை அடித்தது. மறுபடி அவர், மறுபடி அவள். இருவரும் முகத்தைப் பார்த்துக்கொள்ளவில்லை. அரக்கு உடலுக்குப் பக்கத்தில் பச்சைக் கரை இழை இழையாக ஏறியது. என் தலைக்குள் இருந்ததெல்லாம் கண்முன்னால் நடந்துகொண்டிருந்தது. மானிட்டரைப் பார்க்காமல் மணிவண்ணனின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார். விழுந்துவிட்டார், விழுந்துவிட்டார் என்று எனக்குள்ளே ஒரு கூத்து நடந்தது.

காயத்ரியின் கை நின்றது. நாடாவைக் கரைமேல் வைத்தாள். எழுந்தாள். கதவோரம் நின்ற பெண்களைத் தாண்டி வாசற்படிக்கு வந்து நின்றாள். இளவரசன் தலை நிமிராமல், கையில் நாடாவோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். தறி நின்றது. இனி அந்த அமைதியை மட்டும் கொஞ்ச நேரம் காமிரா பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதோடு தறிக் காட்சி முடிந்தது.

அப்போது கலாவதி உள்ளே வந்தாள்.

சேலையை வரிந்து சொருகிக்கொண்டு நேராகப் போய், காயத்ரி எழுந்த இடத்தில் உட்கார்ந்தாள். கரைமேல் கிடந்த நாடாவை எடுத்தாள். இளவரசன் வாய் பிளந்து பார்த்தார்.

“இன்னாப்பா பாத்துக்கினு இருக்குற? மிதி” என்றாள்.

அவர் மிதித்தார். பாவம், வேறு என்ன செய்வார்? நாடா போனது. கலாவதி எறிந்தாள். பலகை அடித்தது. காயத்ரி வாசற்படியிலிருந்து திகைத்துத் திரும்பிப் பார்த்தாள். கலாவதி தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னாள்.

“நீ போம்மா. இந்தப் பக்கம் நான் பாத்துக்கிறேன்.”

கிரேஸ் கட் சொல்வாள் என்று பார்த்தேன். சொல்லவில்லை. கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். தறி ஓடிக்கொண்டே இருந்தது. யாரோ ஒருவர் விசில் அடித்த பிறகுதான் அவள் “கட்! கட்!” என்று கத்தினாள். அதற்குள் வாசலில் கைதட்டல் கிளம்பி, கிளிப்பச்சை வீட்டுக்காரர் சைக்கிள் மணியை அடித்துத் தீர்த்துவிட்டார்.

நான் மட்டும் கைதட்டவில்லை. ஒரே டேக், மூன்று மாதச் சண்டை, மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்த தயாரிப்பாளர், எல்லாவற்றிலும் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு இவள் ஒய்யாரமாகக் கரை போட்டுக்கொண்டிருக்கிறாள். நேராகப் போய் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

“மூஞ்சி தெரியணும்னு இப்படியாடி பண்ணுவ? என் கதையவே கெடுத்துட்டியேடி!”

கலாவதிக்கு அப்போதுதான் தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதே உறைத்தது. காமிராவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முகம் வெளுத்துப்போய்விட்டது.

“சத்தியமா இல்லடி புவனா. அந்தப் பொண்ணு எழுந்துச்சா, சேல பாதியில கெடக்குதா, கால் தானா வந்துடுச்சு. ஷூட்டிங்குன்றதே மறந்துபோச்சு” என்றாள். கண் கலங்கியது. ஆனால் கலாவதி ஆயிற்றே, அழுதுகொண்டேயாவது ஒன்று சொல்லாமல் விடுவாளா? “நானும் உன் புக்கைப் படிச்சேன். அவ எழுந்து போறா, தறி நின்னுடுதுன்னு எழுதியிருக்குற. ஏண்டி, அந்தத் தெருவுல வேற ஒரு பொம்பளகூடவா இல்ல?”

 எங்கள் தெருவில் அப்படித் தறி நின்றதே இல்லை. பிள்ளை பெறப் போனாலும், கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனாலும், யாராவது ஒருத்தி கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிர்ப்பக்கம் உட்கார்ந்துவிடுவாள். எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆகி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இதே தறியில் சிவராஜுக்கு எதிரே உட்கார்ந்தவள் இந்தக் கலாவதிதான். தில்லை தனியாளாகத் தெரியவேண்டும் என்று, எழுதும்போது தெருவையே காலி பண்ணியிருக்கிறேன். அவள் போனால் எல்லாம் நின்றுபோகும் என்ற பாரத்தையும் நானே அவள் தலையில் வைத்து அனுப்பியிருக்கிறேன். ஒரு நிமிஷம் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடுத்த நிமிஷம் சிரிப்பு வந்துவிட்டது.

மணிவண்ணன் மானிட்டரை விட்டு எழுந்து வந்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

“மேடம், நான் ஒப்புத்துக்கிறேன். அவ போவட்டும். இப்போ யாரும் அவளைத் திட்ட மாட்டாங்க. ஆனா இது நீங்க எழுதினது இல்ல. நீங்க சொன்னாத்தான் வெப்போம்.”

“வெச்சிக்கங்க சார்” என்றேன்.  சந்தோஷமாகத்தான் சொன்னேன். என் முடிவு போய்விட்டது, ஆனால் தில்லை தப்பித்துவிட்டாள்.

கிரேஸ் என்னைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள். அடுத்த காட்சியை உடனே எடுத்துவிட வேண்டும், வெயில் ஏறிவிடும் என்று பறந்தாள். தில்லை வெளியே வந்து தெருவில் நடந்து போகிற காட்சி. காயத்ரி என்னிடம் ஓடி வந்தாள்.

“மேம், புக்ல அவ அழுதுக்கினே, நின்னு நின்னு திரும்பிப் பாத்துட்டுப் போவா. அப்படியே பண்ணட்டுமா?”

“வாணாம்மா. அப்போ பின்னால தறிச் சத்தம் இல்ல. இப்போ இருக்குது. நீ பாட்டுக்குப் போ.”

உள்ளே கலாவதியும் இளவரசனும் நெய்ய ஆரம்பித்தார்கள். “ஆக்‌ஷன்” என்ற குரல் கேட்டது. காயத்ரி வாசற்படி இறங்கினாள். தெருப் பெண்கள் விலகி வழிவிட்டார்கள். என் வீட்டுத் தறி நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் கேட்கும் தூரம் வரை அவள் மெதுவாக நடந்தாள். பிறகு, யாரும் சொல்லித்தராமலே, வேகமாக நடந்தாள்.