எட்டு ஆகாது

எங்கள் கம்பெனியில் ஏழாம் நம்பர் தையல் மெஷினுக்கு அடுத்தது ஒன்பதாம் நம்பர் மெஷின்தான். எட்டு சனியின் எண்ணாம், முதலாளி மகுடேஸ்வரனுக்கு ஆகாதாம். எங்கள் ஊர் அனுப்பர்பாளையம் முழுக்க இது தெரியும். ஆனால் வெளிநாட்டிலிருந்து பணம் வரக் கொடுக்க வேண்டிய வங்கியின் ஸ்விஃப்ட் கோடில் எத்தனை எழுத்து என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை. அதுவரை ஏஜென்ட் மூலம்தான் எங்கள் ஏற்றுமதி, வெளிநாட்டுப் பணம் நேராக வந்ததே கிடையாது.

மூன்று மாதம் மெயிலுக்கு மேல் மெயில் தட்டி, டென்மார்க்கில் ஒரு குழந்தைத் துணிக் கடைக்காரம்மாவை ஒத்துக்கொள்ள வைத்திருந்தேன். நாகஜோதி என்கிற நான் தனியாளாகப் பிடித்த முதல் ஆர்டர்! ஐந்து மணிக்குள் வங்கி விவரம் வந்தால் அட்வான்ஸ், இல்லையென்றால் ஆர்டர் வேறு நாட்டுக்கு என்று எழுதிவிட்டார். மணி அப்போது நான்கு.

வங்கி விவரத் தாளில் கையெழுத்துப் போட முதலாளி பேனாவை எடுத்தார். ஸ்விஃப்ட் கோடை விரல் விட்டு எண்ணினார். பேனாவை மூடினார்.

“எட்டு எழுத்து இருக்குதே கண்ணு. இதுல எம்பட பணம் வந்து சேருமா?”

“சார், இது எந்தப் பேங்க்னு காட்டுற கோடு. நம்ம மாத்த முடியாது சார்.”

“கார் நம்பரையே மாத்தி வாங்குனவன் நானு. பேங்க்ல கேட்டுப் பாரு கண்ணு.”

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. வங்கிக்குப் போன் போட்டேன். விஷயத்தைக் கேட்ட மேனேஜர் அம்மா ஒரு நிமிடம் விடாமல் சிரித்தார்.

“கடைசியில மூணு எக்ஸ் சேத்துக்கங்க. ஹெட் ஆபீஸ்னு அர்த்தம். சேத்தாலும் ஒண்ணுதான், சேக்காட்டியும் ஒண்ணுதானுங்க.”

முதலாளி அறைக்கு ஓடினேன். “பதினொண்ணு ஆயிருச்சு சார்! ஆனா இந்த எக்ஸால ஒண்ணும் மாறப் போறதில்ல, சும்மா பேருக்குத்தேன்.”

“உனக்கு மாறாது கண்ணு. பதினொண்ணக் கூட்டுனா ரெண்டு. ரெண்டு நமக்கு நல்ல நம்பரு” என்று கையெழுத்துப் போட்டார். ஐந்துக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது மெயில் பறந்தது.

மூன்றாம் நாள் பணம் வந்தேவிட்டது. நான் நாற்காலியிலிருந்து குதித்தேன். முதலாளி லட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு, “மூணு எக்ஸு செஞ்ச வேலையப் பாத்தீங்களா!” என்று தையல் செக்‌ஷன் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். எங்கள் வங்கி அனுப்பிய வரவுத் தாளை அப்போதுதான் படித்தேன். டென்மார்க் வங்கி மூன்று எக்ஸையும் கழற்றிப் போட்டுவிட்டு, வெறும் எட்டு எழுத்துக்கே பணத்தை அனுப்பியிருந்தது.

“சார்...” என்று வாயைத் திறந்தேன்.

“இனிமே வெளிநாட்டு ஆர்டர் பூராவும் நீதான் பாக்கோணும் கண்ணு” என்று திறந்த வாயில் ஒரு முழு லட்டைத் திணித்தார். “என்னமோ சொல்ல வந்தியே?”

ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டு, லட்டை மெல்ல ஆரம்பித்தேன்.