எறும்பு ஊர்ந்த பாதம்

தேவாரம் ஊரில், சர்ச் முற்றத்தில் போட்டிருந்த கீற்றுப் பந்தலுக்கடியில், ராமுத்தாய் அளவுக்கு நம்பியவர்கள் யாரும் இல்லை. அதனால்தான் அவள் பயந்தாள்.

1936ஆம் வருஷத்து அறுவடை முடிந்திருந்தது. வெளியூர் உபதேசியார் ஒருவர் தலையில் கை வைத்து ஜெபித்தால் முடவர்கள் நடக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அப்பா ராக்கையா அவளைச் சுமந்து வந்திருந்தார். சிறுவயதுக் காய்ச்சலில் அவளுடைய இடது கால் மரத்துப்போனது. முழங்காலுக்குக் கீழே நெருப்பை வைத்தாலும் தெரியாது.

பக்கத்தில் தாய்மாமன் கருத்தக்கண்ணன் வெற்றிலை மென்றுகொண்டிருந்தான். ஏலமலையில் அவனுக்குக் குடிசை. வண்டி போகாது, நடந்துதான் ஏற வேண்டும். முதல் மனைவி அங்கேதான் அவனிடம் அடிபட்டுக் கிடந்து, குளிர்காய்ச்சலில் செத்தாள்.

"கால் மட்டும் வரட்டும் மச்சான். தையிலயே தாலியக் கட்டிக் கூட்டிட்டுப் போயிர்றேன். ஏலக்கா பறிக்க ஆளில்லாமக் கெடக்கு."

"உனக்குப் பொண்டாட்டி வேணுமா, கூலியாளு வேணுமா?" என்றாள் பின்னால் உட்கார்ந்திருந்த ஊர்க்காரி அக்கம்மாள்.

"ஒரே சோத்துல ரெண்டும் முடிஞ்சிரும்ல அக்கா."

ராக்கையா சிரிக்கவில்லை. கால் சரியானால் மகளை இவனுக்கே கொடுப்பதாகச் சாகக் கிடந்த மனைவியிடம் அவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

எழுந்து ஓட ராமுத்தாய்க்குக் கால் இல்லை. கால் வந்துவிட்டாலோ, அது போக வேண்டிய இடம் மலைதான். 'ஆண்டவரே, இன்றைக்கு என்னைக் கடந்து போய்விடும்' என்று வேண்டிக்கொண்டாள்.

உபதேசியார் அவள் முன்னால் முழங்காலிட்டார். "சொஸ்தமாகணும்னு ஆசை இருக்காம்மா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இருக்குங்கய்யா. கூச்சப்படுறா" என்றார் ராக்கையா.

கை தலைமேல் அமர்ந்தது. ஜெபம் நீண்டது. பாதத்தில் ஏதோ ஊர்ந்தது. எறும்பு என்று நினைத்தாள். அந்தப் பாதத்தில் எறும்பு ஊர்ந்தால் தனக்குத் தெரியாதே என்பது பிறகுதான் உறைத்தது. சேலைக்குள் பெருவிரலை மடக்கிப் பார்த்தாள். மடங்கியது.

"எழுந்து நடம்மா" என்றார் உபதேசியார்.

"எந்திரி ஆத்தா. உபதேசியாரு சொல்றாகல்ல" என்றார் ராக்கையா.

முழங்காலை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "முடியலப்பா."

கருத்தக்கண்ணன் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தான். "இவளுக்கு நம்பிக்கை பத்தல."

உபதேசியார் அடுத்தவரிடம் போனார். ராக்கையா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "நான் செஞ்ச பாவம், உன்னைய முடக்கி வச்சிருக்கு."

ஓர் அடி எடுத்து வைத்தால் அவர் அழுகை நின்றுவிடும். அவளால் அந்த ஓர் அடியைத்தான் எடுத்து வைக்க முடியாது. காலைக் கொடுத்த ஆண்டவருக்கு வாய்விட்டு ஒரு ஸ்தோத்திரம் சொல்லவும் வழியில்லை.

ராக்கையா குனிந்து முதுகைக் கொடுத்தார். அவள் ஏறிக்கொண்டாள். இத்தனை வருஷமாகத் தானாகத் தொங்கிய காலை இப்போது தொங்கவிட வேண்டியிருந்தது. அவர் நடையில் அது குலுங்கும்போதெல்லாம் வலித்தது.

"அடுத்த மாசம் கம்பத்துல கூட்டமாம்" என்றார் மூச்சு வாங்கியபடி. "அங்கனயும் போவோம் ஆத்தா. நான் விட மாட்டேன்."

"சரிப்பா" என்றாள்.