தெத்ரியின் வீட்டில் மூன்று பேர்

பகுலாஹா கிராமத்திலிருந்து பஞ்சாபுக்கு வேலைக்குப் போன ஆண்கள் தங்கள் நிழல்களை ஊரிலேயே விட்டுப் போனார்கள். முதலில் தங்கியது பிஷுன்தேவின் நிழல். நெல் நடவுக்காக லூதியானா ரயிலைப் பிடிக்க அவன் கிளம்பிய காலையில், மனைவி சுகியா அழுகை தாங்காமல் நடுத்தெருவில் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டாள். கட்டியவனின் பெயரை வாயால் சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்பது பீகாரின் கோசி ஆற்றங்கரைப் பெண்களுக்கெல்லாம் தெரியும். கிழவிகள் ஏசினார்கள். பிஷுன்தேவ் திரும்பிப் பார்க்காமல் போனான். நிழல் மட்டும் திரும்பி வந்து எருமைக்கு வைக்கோல் போட்டது.

அடுத்த நடவுக்குள் யாதவர் தெருவிலும் முசஹர் குடிசைகளிலும் மனைவிமார் கூச்சமில்லாமல் பெயர் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். நிழல்கள் கூரை வேய்ந்தன, குளத்தில் மூழ்கி மக்கானா என்னும் அல்லி விதை வாரின, சாப்பாடு கேட்கவில்லை. உச்சிவேளையில் சுருங்கிவிடுவதால் காலையிலும் மாலையிலும் மட்டுமே அவற்றிடம் வேலை வாங்க முடிந்தது. முசஹர் நிழல் ஒன்று பிராமணர் கிணற்றின் மேல் விழுந்ததென்று பஞ்சாயத்து கூடியது. நிழலுக்குரியவன் ஜலந்தரில் இருந்ததால் கலைந்தது. பிராமணர் வீடுகளில் ஒரு நிழலும் தங்கவில்லை. அவர்கள் பாட்னா உத்தியோகத்துக்குக் குடும்பத்தோடு போனவர்கள்.

தெத்ரி மட்டும் பெயர் சொல்லவில்லை. புருஷன் ஜக்ரூ நீண்டநாள் இருக்க வேண்டும் என்பதுதான் அவள் எண்ணம். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் சாயங்காலம்தோறும் கயிற்றுக்கட்டிலில் நிழல் உட்கார்ந்திருப்பதையும், அதற்கெதிரே சுகியா தலை வாருவதையும் பார்க்கும்போது அவளுக்கு வயிறு எரிந்தது.

சுகியா அவளை அக்கா முறையில் தீதி என்றுதான் கூப்பிடுவாள். “என்ன தீதி, கண்ணு இங்கயே இருக்கு? ஒரு பேரு சொல்ல இம்புட்டு யோசனையா?”

“எம் புருசன் நூறு வருசம் இருக்கணும்டி.”

“இருக்கட்டும், இருக்கட்டும். நூறு வருசமும் லூதியானாவுலயே இருக்கட்டும்.”

அந்த வருடம் சத் பூஜைக்கு ஊர் ஆண்களெல்லாம் வந்து நிழல்களோடு கால் சேர்ந்தார்கள். ஜக்ரூ வரவில்லை. சூரியனுக்கு நீர் வார்க்க இடுப்பளவு தண்ணீரில் நின்ற தெத்ரி, பக்கத்தில் சுகியா தன் புருஷனைப் பார்த்துச் சிரித்ததைக் கண்டாள். உடனே லூதியானா இருக்கும் மேற்குப் பக்கம் திரும்பி, ஊரே கேட்க, “ஜக்ரூ!” என்று கத்தினாள்.

ஹோலிக்கு முன்பு தண்டவாளத்தின் ஓரமாக ஜக்ரூவின் நிழல் வந்து சேர்ந்தது. அதன் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்ணின் நிழலும் வந்தது. தெத்ரி உலக்கையால் அடித்துப் பார்த்தாள், தரைதான் பெயர்ந்தது. இரண்டையும் பிரித்து இழுத்துப் பார்த்தாள், முடியவில்லை. பிறகு பெண் நிழலைத் திரிகையடியில் உட்காரவைத்துக் கடலையை முன்னால் தள்ளினாள். அது மறுபேச்சில்லாமல் சத்துமாவு அரைத்தது.

சுகியா வேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். “ஒனக்கு வேலைக்கு ரெண்டா, தீதி? மகராசி!” அவள் குரலில் இருந்தது கேலி இல்லை. தெத்ரிக்கு அது கொஞ்சம் இதமாக இருந்தது.

மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்த வாத்தியார் வீட்டில் யார் யார் என்று கேட்டார்.

“புருசன் ஒண்ணு, சக்களத்தி ஒண்ணு, நான் ஒருத்தி. எம்பேர மேல போடுங்க. மூத்தவ நான்.”

அந்தத் தெருவில் எல்லா வீடுகளையும் பார்த்து வந்திருந்த வாத்தியார் தலையை நிமிர்த்தாமல் அப்படியே எழுதினார். பொழுது சாய்ந்ததும் தெத்ரி விளக்கை ஏற்றி, நிழல்கள் இரண்டுக்கும் நடுவில் வைத்தாள். ஜக்ரூவின் நிழல் கிழக்குச் சுவருக்கும் பெண் நிழல் மேற்குச் சுவருக்கும் போயின. அவள் கிழக்குச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தலை வார ஆரம்பித்தாள்.