எங்கள் தெருவுக்குக் கிடைத்த நாடகம்

என் அக்காவுக்கு உலகத்தைக் காப்பாற்றுகிற வேலை. எனக்குத் துணி தைக்கிற வேலை. அவள் பல்கலைக்கழகத்தில் நாடகத் துறை. பருவநிலை கெட்டுப்போகிறது, மழை இனி கண்டபடி கொட்டும் என்று விஞ்ஞானிகள் தொண்டை கிழியச் சொல்லியும் ஜனங்கள் காதில் ஏறவில்லையே, அதையே நாடகமாகப் போட்டால் ஏறுமா? இதுதான் அவளுடைய ஆராய்ச்சி. "தெரிஞ்சு வச்சிருக்கிறது வேற பாப்பா, அந்த நிமிஷத்துல ஞாபகம் வர்றது வேற" என்பாள். அவள் சாப்பிட வந்தால் கடல் மட்டம் ஏறாமல் எங்களுக்குச் சோறு இறங்காது.

இந்த வருஷம் அவள் எடுத்துக்கொண்டது எங்கள் ஆற்றோரத்தில் இரண்டு தெருக்களை. ஒரு தெருவில் வெள்ளத்தைப் பற்றி ஒரு நாடகம். இன்னொன்றில் வெள்ளத்துக்குச் சம்பந்தமே இல்லாத நாடகம். அப்புறம் இரண்டு தெருவும் மழைக்கு எப்படித் தயாராகிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம். எந்தத் தெருவுக்கு எது என்று சீட்டுக் குலுக்கினார்கள். எடுத்தது அக்காவின் கை. இந்த விவரமெல்லாம் அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது.

எங்களுக்கு வந்தது மூக்குக்கண்ணாடி நாடகம். நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடியை வீடு முழுக்கத் தேடுகிற ஒரு மனுஷனின் கதை. தொப்பையும் தானுமாக ஒரு நடிகர் கட்டிலுக்கடியில் எல்லாம் புகுந்து தேடினார். என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் பல நாள், என்னைப் பார்க்கும்போதெல்லாம் நெற்றியைத் தடவிக்கொண்டு "காணோமே, காணோமே" என்று அவரைப் போலவே செய்துகாட்டுவார்.

அடுத்த தடவை அக்கா வந்தபோது விடாமல் பிடித்துக்கொண்டார்.

"பக்கத்துத் தெருவுல வேற நாடகமாமே? அவங்களுக்கு விருந்து, எங்களுக்கு வாசனை மட்டுமாக்கா?"

"உங்க தெருவுக்கும் அதைப் போடுவோம் மாப்பிள்ளை. கொஞ்ச நாள் போகட்டும்."

"கதையையாவது சொல்லுங்களேன்."

"இப்ப சொன்னா ஆராய்ச்சி கெட்டுடும்."

அன்றைக்கு அக்கா மழையைப் பற்றியும் பேசவில்லை, ஆற்றைப் பற்றியும் பேசவில்லை. அப்பாடா, இன்றைக்காவது நிம்மதியாகச் சாப்பிடலாம் என்று நான் நினைத்தேன்.

மழை முந்திக்கொண்டது.

நாங்கள் இருப்பது மாடியில். கீழே அவருடைய பட்டறை. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் பழுது பார்ப்பார். ஒரு மதியம் ஆற்றுத் தண்ணீர் தெருவுக்குள் வந்து, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பட்டறைக்குள்ளும் வந்துவிட்டது. யாரோ கொடுத்த ஃப்ரிட்ஜ் ஒன்றைச் சரிசெய்து, ஓடுகிறதா என்று பார்க்க ப்ளக்கில் மாட்டி வைத்திருந்தார். "அடுத்தவங்க பொருள்மா, தூக்கி வச்சிட்டு வந்துடறேன்" என்று பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். கரண்ட்டைப் பற்றித் தெரியாதவரா அவர்? மெயினை அணைச்சுட்டுத் தொடுங்க என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பாடம் எடுத்தவர். நானும் மேல்படியில் நின்று "சீக்கிரம் வாங்க" என்றுதான் சொன்னேன். தண்ணீரில் கால் வைத்தார். ஒரு சத்தமும் போடவில்லை. அப்படியே சாய்ந்துவிட்டார்.

துக்கம் கேட்க வந்த பக்கத்துத் தெரு டீச்சரம்மா சொல்லித்தான் எனக்கு விஷயம் தெரியும்.

"எங்க தெரு நாடகத்துல ஒருத்தர் மெயினை அணைக்காம, சாமானை எடுக்கணும்னு தண்ணிக்குள்ள இறங்குவாரும்மா. அவர் படியில கால் வச்சதும் தெருவே எழுந்து நின்னு ‘இறங்காதே, இறங்காதே’ன்னு கத்துனோம். அன்னிக்குத் தண்ணி வந்தப்போ அந்தச் சத்தந்தான் காதுல கேட்டுது. எல்லாரும் மெயினை அணைச்சுட்டு மேலேயே இருந்துட்டோம்."

யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அக்கா தினமும் வந்து என் தையல் மெஷின் பக்கத்தில் தரையில் உட்காருவாள். ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"உன் நாடகம் வேலை செஞ்சுதாக்கா?"

அவள் தலை நிமிரவில்லை. "செஞ்சுது."

"நல்லாவா?"

"ரொம்ப நல்லா."

எனக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. "எங்க தெருவுக்கும் போடுறேன்னு அவர்கிட்ட சொன்னியே. போடு."

"வேண்டாம் பாப்பா."

"சொன்னதைச் செய். நாங்க பார்க்கிறதை நீயும் நின்னு பாரு."

போட்டார்கள். எங்கள் தெருவில் சேற்றுக்கோடு காயாத சுவர்களுக்கு நடுவே மரப்படி ஒன்றை நிறுத்தினார்கள். அதே தொப்பை நடிகர்தான். அவர் வந்து நின்றதும், எனக்கு "காணோமே, காணோமே" என்று காதில் கேட்டது. புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அக்கா வழக்கம்போல ஜனங்களின் முகங்களைப் படம்பிடிக்க கேமராவுக்குப் பின்னால் நின்றாள்.

நாடகத்தில் தண்ணீர் ஏறியது. நடிகர் பேன்ட்டைச் சுருட்டினார். மேல்படியில் கால் வைத்தார். பக்கத்துத் தெரு எழுந்து நின்று கத்திய இடம் அது. எங்கள் தெரு கத்தவில்லை. எதற்குக் கத்துவது? அவர் இறங்குவார் என்று எங்களுக்குத் தெரியும். நடிகர் ஒவ்வொரு படியாக இறங்கிக் கடைசிப் படிக்கு வந்தார்.

"மாப்பிள்ளை! இறங்காதீங்க மாப்பிள்ளை!"

அக்கா. கேமரா கீழே விழ, ஆட்களை விலக்கிக்கொண்டு ஓடிவந்து நடிகரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பாவம், அந்த மனுஷன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் காலடியில் அவளும் விழுந்து, "சொல்லியிருக்கலாமே, சொல்லியிருக்கலாமே" என்று தரையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

தெரு முழுக்க என்னைப் பார்த்தது. எழுந்துபோய் அவளைத் தூக்க வேண்டியவள் நான்தான். கூடப் பிறந்தவள், எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? ஆனாலும் எழுந்திருக்க எனக்கு மனசு வரவில்லை. டீச்சரம்மாதான் போய்த் தூக்கினார்.